தூரம் போக எந்தக் கப்பல்?

சார், வணக்கம்.

எலைட் டேஞ்சரஸ் என்ற விண்வெளிக் கணினி விளையாட்டைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துத்தான் நான் அதை ஆட ஆரம்பித்தேன். மூன்று மாதமாக ஒரு கோப்ரா மார்க் 3 கப்பலில் சரக்கு ஏற்றி இறக்கி 90 லட்சம் கிரெடிட் சேர்த்திருக்கிறேன். வியாபாரம் அலுத்துவிட்டது. பால்வீதியின் நடுவில் இருக்கும் சஜிட்டேரியஸ் ஏ கருந்துளையை ஒருமுறை போய்ப் பார்க்க ஆசை. கூட ஆடும் நண்பர், “ஆஸ்ப் எக்ஸ்புளோரர் வாங்கு, எல்லாரும் அதில்தான் போகிறார்கள்” என்கிறார். இன்னொருவர், “பொறு, அனகோண்டா வாங்கும் அளவுக்குச் சேர்த்துவிட்டுப் போ” என்கிறார். ராத்திரி ஒரு மணி நேரம்தான் எனக்குக் கிடைக்கிறது. என் காசுக்கு எது சரி?

– கா.

அன்புள்ள கா.,

டைமண்ட்பேக் எக்ஸ்புளோரர் வாங்குங்கள். உங்கள் நண்பர்கள் ஒத்துக்கொள்ள மாட்டார்கள் என்பதால் கணக்கையும் சொல்லிவிடுகிறேன்.

கப்பல் கடையில் எழுதியிருக்கும் விலையில் உடம்பும் அடிப்படைப் பாகங்களும் மட்டும்தான் அடங்கும். அந்தப் பாகங்கள் எல்லாம் கடைசித் தரமான ‘ஈ’ ரகம். அதை வைத்துக்கொண்டு பக்கத்து ஊருக்குப் போகலாம். நம்மைத் தூரம் கொண்டுபோவது ஃப்ரேம் ஷிஃப்ட் டிரைவ், நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவ வைக்கும் என்ஜின். அதன் விலையைப் பார்த்தீர்களா? டைமண்ட்பேக்கின் விலை சுமார் 19 லட்சம். அதில் பொருந்தும் 5ஏ (ஐந்தாம் அளவு, முதல் தரமான ‘ஏ’ ரகம்) டிரைவ் மட்டும் சுமார் 51 லட்சம்! மாட்டை விடக் கயிறு விலை அதிகம். ஆனால் அந்தக் கயிற்றை மாட்டினால்தான் 20 ஒளியாண்டை ஒட்டித் தாவிக்கொண்டிருந்த கப்பல் 35 வரை தாவும்.

இப்போது ஆஸ்ப். விலை 66 லட்சம் சொச்சம். அதற்கும் அதே 5-ஆம் அளவு டிரைவ்தான், அதே 51 லட்சம். கூட்டினால் 1 கோடியே 17 லட்சம், உங்கள் பையில் இல்லாத பணம். அத்தனை கொடுத்து என்ன கிடைக்கிறது? எரிபொருள் டேங்க் இரண்டிலும் 32 டன். உடம்பின் எடை ஆஸ்ப்பில் 280 டன், டைமண்ட்பேக்கில் 260. அதாவது விலை குறைந்த கப்பல்தான் கொஞ்சம் கூடுதலாகவே தாவும். ஆஸ்ப்பின் கண்ணாடி முகப்பு அழகு, ஒத்துக்கொள்கிறேன். காலடி வரை வானம் தெரியும். உள்ளே இடமும் அதிகம், நட்சத்திரத்திலிருந்து எரிபொருள் அள்ளும் பெரிய ஃபியூயல் ஸ்கூப் மாட்டலாம். ஆனால் அதில் பொருந்தும் ஆகப் பெரிய 6ஏ ஸ்கூப்பின் விலை 2 கோடியே 87 லட்சம். இடம் இருக்கிறது, சரி, சாமான் வாங்க யாரிடம் காசு?

அனகோண்டா பற்றி ஒரே வரி. 14 கோடியே 69 லட்சம் விலை, வெடித்தால் திரும்ப வாங்க 5 சதவீதம், அதாவது 73 லட்சம். மூன்று மாத உழைப்பில் முக்கால்வாசிக்கு மேல் ஒரு விபத்துக்கே போய்விடும். 2024-இல் வந்த மாண்டலே தூரப் பயணத்துக்கு அருமையான கப்பல்தான், ஆனால் 90 லட்சத்துக்கு எட்டாது. கோப்ராவை விற்க வேண்டாம், ஓரமாக நிற்கட்டும். 1984-இல் டேவிட் பிராபனும் இயன் பெல்லும் செய்த முதல் எலைட்டில் எல்லாரும் 100 கிரெடிட்டோடு ஒரு கோப்ராவில்தான் கிளம்பினார்கள். அதில் டேங்க் நிறைய இருந்தாலும் 7 ஒளியாண்டுதான் தாவ முடியும். அந்த மரியாதைக்காகவாவது வைத்திருங்கள்.

உங்கள் 90 லட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். கப்பலுக்கும் டிரைவுக்கும் 70. 4பி ஃபியூயல் ஸ்கூப் 7 லட்சம் சொச்சம். கிரகங்களை அளக்கும் சர்ஃபேஸ் ஸ்கேனர் இரண்டரை லட்சம். மற்ற பாகங்களை எல்லாம் ‘டி’ ரகத்துக்கு மாற்றுங்கள், சில லட்சத்துக்குள் முடியும். கடையில் அந்த ரகத்தை யாரும் சீண்ட மாட்டார்கள், ஆனால் எடை ஆகக் குறைந்தது அதுதான். நாம் யாரோடும் சண்டைக்குப் போகவில்லையே. ஆயுதங்களையும் கழற்றிப் போடுங்கள். ரீபைக்கு, அதாவது வெடித்த கப்பலைத் திரும்ப வாங்க, நாலு லட்சம் கையில் நிற்க வேண்டும், அதைத் தொடாதீர்கள்.

ஷீல்டை மட்டும் கழற்றாதீர்கள். நான் கழற்றினேன். இரண்டு டன் எடை குறைந்தால் கொஞ்சம் கூடுதலாகத் தாவலாம் என்ற பேராசை. ஐந்து வாரம் யாரும் போகாத பக்கமாகச் சுற்றினேன். முதலில் கண்டவர் என்று என் பெயர் ஏறக் காத்திருந்த நட்சத்திரங்கள் நூற்றுக்கு மேல். ஒரு நாள் செம்மண் நிறத்தில் அழகான ஒரு கிரகம். ஈர்ப்பு எவ்வளவு என்று பார்க்காமல் மூக்கைக் கீழே திருப்பினேன். நம் பூமியைப் போல மூன்று மடங்கு. கப்பல் கல் மாதிரி விழுந்தது. ரீபை கட்டினேன், புதுக் கப்பலோடு ஏதோ ஒரு நிலையத்தில் கண் விழித்தேன். கண்ட நட்சத்திரங்களைப் பற்றி ஐந்து வாரம் சேர்த்த தரவு மொத்தமும் போயிருந்தது. விற்காத தரவுக்குக் காப்பீடு கிடையாது. அன்றைக்குக் கணினியை அணைத்துவிட்டு மொட்டை மாடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். வீட்டில் என்ன ஆயிற்று என்று கேட்டார்கள். என்னவென்று சொல்வது?

அடுத்தது எரிபொருள். 5ஏ டிரைவ் முழுத் தூரம் தாவினால் ஒரு தாவலுக்கு 5 டன் குடிக்கும், ஆறு தாவலில் டேங்க் காலி. ஓ, பி, ஏ, எஃப், ஜி, கே, எம் வகை நட்சத்திரங்களில்தான் அள்ள முடியும். மங்கலான பழுப்புக் குள்ளன்களை எத்தனை முறை சுற்றி வந்தாலும் ஒரு சொட்டுத் தேறாது. கேலக்ஸி வரைபடத்தில் வடிகட்டியைப் போட்டு, இந்த ஏழு வகை வழியாகவே பாதை போடச் சொல்லுங்கள். டைமண்ட்பேக்கின் இன்னொரு நல்ல குணம் இங்கேதான் தெரியும். சீக்கிரம் சூடாகாது. அள்ளிக்கொண்டிருக்கும்போதே அடுத்த தாவலுக்கு டிரைவைச் சார்ஜ் ஏற்றலாம். எழுநூற்றைம்பது தாவலில் இப்படி மிச்சமாகும் விநாடிகள் உங்களைப் போல ஒரு மணி நேரக்காரருக்குப் பெரிய விஷயம்.

எல்லாம் மீறி நடுவழியில் டேங்க் காலியானால் ஃபியூயல் ரேட்ஸை அழையுங்கள். 2015-இலிருந்து இதையே வேலையாகச் செய்யும் ஆட்டக்காரர் கூட்டம். காசு வாங்க மாட்டார்கள், எவ்வளவு தூரமானாலும் வருவார்கள். ஆக்சிஜன் கடிகாரம் ஓட ஆரம்பித்துவிட்டால் உடனே மெயின் மெனுவுக்கு வெளியேறிவிடுங்கள், நீங்கள் உள்ளே இல்லாதபோது அது ஓடாது. ‘டி’ ரக லைஃப் சப்போர்ட்டில் மொத்தமே ஏழரை நிமிடம்தான், ஞாபகம் இருக்கட்டும்.

கிளம்பும் முன் ஒரே ஒரு இடத்துக்குப் போய் வாருங்கள். டெசியட் என்ற நட்சத்திர மண்டலத்தில், பாகங்களை மேம்படுத்தித் தரும் ஃபெலிசிட்டி ஃபார்சீர் என்ற என்ஜினியர் இருக்கிறார். மெட்டா அலாய் என்ற சரக்கு ஒரே ஒன்று கொடுத்தால் கதவைத் திறப்பார், அதற்கு முன் ஆய்வாளர் தரத்தில் ஸ்கவுட் ஆகியிருக்க வேண்டும். அவர் கைபட்டால் அதே 5ஏ டிரைவ் 50 ஒளியாண்டைத் தாண்டும். மூலப்பொருள் பொறுக்குவது பெரிய தொல்லை, பொறுமை இல்லையென்றால் விட்டுவிடுங்கள், 35-ம் போதும். மையம் இங்கிருந்து 25,900 ஒளியாண்டு. 750 தாவல், ஒன்றுக்கு ஒரு நிமிடம் என்றாலும் உங்களுக்கு இரண்டு வாரம். நின்று வேடிக்கை பார்த்தால் ஒரு மாதம். நின்று பாருங்கள்.

அங்கே போய்த் தரவை எப்படி விற்பது என்று பயப்பட வேண்டாம். 2019-இல் ஆயிரக்கணக்கான ஆட்டக்காரர்கள் சேர்ந்து போன டிஸ்டன்ட் வேர்ல்ட்ஸ் 2 பயணத்தின் பலனாக, கருந்துளைக்குப் பக்கத்திலேயே எக்ஸ்புளோரர்ஸ் ஆங்கரேஜ் என்ற நிலையம் இருக்கிறது. முதலில் அங்கே போய் எல்லாவற்றையும் விற்றுவிடுங்கள். அப்புறம் கருந்துளை.

பெரிதாக எதிர்பார்த்துப் போகாதீர்கள். நெருப்பு வளையமெல்லாம் கிடையாது. கறுப்பாக ஒரு பொட்டு, அதைச் சுற்றிப் பின்னால் உள்ள நட்சத்திரங்கள் தண்ணீருக்குள் தெரிவது போல வளைந்து தெரியும், அவ்வளவுதான். கப்பலை விழுங்கவும் செய்யாது. எல்லாரும் அதற்கு முன்னால் கப்பலை நிறுத்தி ஒரு படம் எடுப்பார்கள். உங்களுடையதை எனக்கு அனுப்புங்கள்.