பிள்ளைக்குச் சளி, ஒட்சிசனைக் கூட்டி வைத்திருக்கலாமா?

ஒட்டுசுட்டான் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். மாதம் நிறையாமல் பிறந்த பிள்ளை, இப்போது பத்து மாதம். நுரையீரல் இன்னும் தேறாததால் நிமிடத்துக்கு அரை லீற்றர் ஒட்சிசனோடு வீட்டுக்கு விட்டிருக்கிறார்கள். மூன்று நாளாகத் தடிமன், இருமல். நேற்றிரவு இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும் ஒக்சிமீட்டர் 88 காட்டியதும் பயந்துபோய் ஒட்சிசன் மெஷினை இரண்டு லீற்றருக்குத் திருப்பினாராம், 95க்கு ஏறிவிட்டது. இப்படியே வைத்திருக்கலாமா, கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

தங்கச்சி, வீட்டில் வைத்திருக்க வேண்டாம். ஒட்சிசனைக் கழற்றாமல் இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அரை லீற்றரில் இருந்த பிள்ளைக்கு நாலு மடங்கு தேவைப்படுகிறது என்றால் நெஞ்சுக்குள் வருத்தம் கூடியிருக்கிறது என்றுதான் அர்த்தம். ஒட்சிசன் அந்தக் கிருமியைக் கொல்லாது, பிள்ளைக்கு அவகாசம் மட்டும்தான் வாங்கித் தரும். எண் 95 என்று நிற்கும், அதற்குக் கீழே பிள்ளை மூச்சிழுத்து மூச்சிழுத்துக் களைத்துக்கொண்டிருக்கும். நான் பயப்படுவது அதற்குத்தான்.

ஆகவே எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைப் பாருங்கள். விலாவுக்குக் கீழே உள்ளே குழி விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா, ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுகிறதா. பிள்ளை அழாமல் இருக்கும் நேரம் பார்த்து மணிக்கூட்டை வைத்து ஒரு முழு நிமிடம் மூச்சை எண்ணுங்கள். இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயது வரை 50 அல்லது அதற்கு மேல் என்றால் அது வேகமான மூச்சு, ஒரு வயது தாண்டினால் 40. பால் குடிக்க முடியாமல் விட்டுவிட்டு மூச்சு வாங்கினாலும், வழமைக்கு மாறாகத் தூங்கி வழிந்தாலும் பொறுத்திருக்கக் கூடாது. உதடு நீலம் பாரித்தால் 1990க்கு அடியுங்கள், காசு இல்லை. அம்புலன்ஸ் வரும்வரை ஒட்சிசனைக் கூட்டி வைக்கலாம், அந்த நேரத்தில் அது சரியான வேலை. எவ்வளவுக்குக் கூட்டலாம் என்பதை அடுத்த கிளினிக்கில் கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்கி வையுங்கள்.

ஒக்சிமீட்டரும் சில வேளை பிழை காட்டும். பெரியவர்களின் விரல் கிளிப்பைக் கைக்குழந்தைக்குப் போட்டால் நம்ப முடியாது, சின்னப் பிள்ளைகளுக்குரியதைக் காலில் போடுங்கள். கால் குளிர்ந்திருந்தாலும் உதைத்துக்கொண்டிருந்தாலும் எண் தாவும், அது ஒரு இடத்தில் நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள்.

எண் திடீரென்று இறங்கினால் குழாயையும் ஒருக்கால் பாருங்கள். கட்டில் காலுக்குக் கீழே நசுங்கிக் கிடந்ததைக் கண்டிருக்கிறேன். மூக்கில் வைக்கும் நுனியை ஒரு கிளாஸ் தண்ணீரில் பிடித்தால் குமிழி வர வேண்டும், வராவிட்டால் எங்கோ அடைப்பு அல்லது கழன்றிருக்கிறது. பார்த்த பிறகு நன்றாகத் துடைத்துவிட்டுப் போடுங்கள். தடிமனுக்கு மூக்கு அடைத்திருந்தால் உப்புநீர்ச் சொட்டு விட்டுத் துடைத்தாலே பாதிக் கஷ்டம் குறையும். மெஷின் வீட்டுக் காற்றை இழுத்துத்தான் ஒட்சிசனைப் பிரித்தெடுக்கிறது, எங்கள் கிரவல் ரோட்டுத் தூசியும் சூடுமிதிப்புக் காலத்துத் தூசியும் நேரே அதன் வலைக்குள்தான் போகும். கிழமைக்கு ஒருமுறை கழுவி நன்றாகக் காயவைத்துப் போடுங்கள், சுவரோடு ஒட்டி வைக்கவும் வேண்டாம்.

கரண்ட் போனால் மெஷின் நின்றுவிடும், அதற்கு சிலிண்டர்தான் வழி. எவ்வளவு நேரம் வரும் என்பதற்குக் கணக்கு இருக்கிறது: சிலிண்டரின் தண்ணீர்க் கொள்ளளவை, அதாவது அதற்குள் எத்தனை லீற்றர் தண்ணீர் பிடிக்கும் என்பதை, அதன் மீட்டர் காட்டும் அழுத்தத்தால் (பார் கணக்கில்) பெருக்குங்கள். 10 லீற்றர் சிலிண்டர் 100 பாரில் இருந்தால் 1000 லீற்றர். அரை லீற்றரில் 33 மணித்தியாலம் வரும், இரண்டு லீற்றரில் எட்டு மணித்தியாலம்தான். கடைசிச் சொட்டுவரை கணக்குப் போடாதீர்கள், கால்வாசியைத் தள்ளிவைத்து எண்ணுங்கள்.

கரண்ட் போன இருட்டில் கை தானாகக் குப்பி விளக்கைத் தேடும். தயவுசெய்து அதை அந்த அறைக்குள் கொண்டுவர வேண்டாம், நுளம்புத்திரியும் சாம்பிராணியும் வேண்டாம், விறகடுப்பு எரியும் குசினிக்குள் பிள்ளையைக் குழாயோடு தூக்கிக்கொண்டு போகவும் வேண்டாம். ஒட்சிசன் தானாக எரியாது, ஆனால் அது ஊறிய துணியில் பொறி பட்டால் பிடிக்கிற வேகம் வேறு. டோர்ச் ஒன்றைத் தலைமாட்டில் வையுங்கள். சிலிண்டர் வாய் இறுகினால் எண்ணெய் போடக் கூடாது, பிள்ளையின் மூக்கு காய்ந்தாலும் தேங்காய் எண்ணெயோ வாஸ்லினோ பூசக் கூடாது. எண்ணெய்ப் பசையும் அழுத்தமான ஒட்சிசனும் சேரவே கூடாது.

முல்லைத்தீவோ கிளிநொச்சியோ, ஓட்டோவில்தான் போகிறீர்கள் என்றால் சிலிண்டர் உருளாமல் கட்டுங்கள், புறப்படும்போது மீட்டரைப் பாருங்கள், ஓட்டுபவரைச் சிகரெட் பற்றவைக்க விடாதீர்கள். கிளினிக் கொப்பியையும், நேற்றிரவு எத்தனை மணிக்கு எந்த எண் காட்டியது, எவ்வளவுக்குத் திருப்பினீர்கள் என்று எழுதிய தாளையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வார்டில் முதலில் கேட்பது அதைத்தான்.