மாத்திரையை நம்பிக் காத்திருக்க வேண்டாம்: ஒவ்வாமை குறித்த கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கும் மேற்பட்டவை ஆய்வக அறிக்கையின் நகலோடு வந்திருக்கின்றன. ஆனால் எதைச் சாப்பிட்டபோது, எவ்வளவு நேரத்தில், உடலில் என்ன நடந்தது என்ற விவரம் மிகச் சில கடிதங்களில்தான் இருக்கிறது. ஒவ்வாமையைக் கண்டறிய மருத்துவருக்கு முதலில் தேவைப்படுவது அந்த விவரம்தான். அறிக்கையைப் பார்த்துப் பத்து உணவுகளை விலக்கிவைப்பவர்களே, பிள்ளைக்கு மூச்சு இரைக்கும்போது ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த கவலையைத் தருகிறது.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருக்கிறது. சென்ற மாதம் தெரியாமல் ஒரு பிஸ்கட்டைத் தின்றதும் உடம்பெல்லாம் தடித்து, வாந்தி எடுத்து, வீசிங்கும் வந்துவிட்டது. அலர்ஜி மாத்திரை கொடுத்தோம்; ஒரு மணி நேரத்தில் சரியானது. இப்போது மருத்துவர் அட்ரினலின் பேனா (பேனா வடிவ ஊசி) எழுதித் தந்திருக்கிறார். முதலில் மாத்திரை கொடுத்துப் பார்த்துவிட்டு, கேட்காவிட்டால் மட்டும் ஊசி போடலாமா?

பதில்: கூடாது. தடிப்பு, வாந்தி, வீசிங் ஆகிய மூன்றும் சேர்ந்து வந்தால் அது அனாஃபிலாக்சிஸ் என்னும் உயிருக்கே ஆபத்தான ஒவ்வாமை எதிர்வினை. அதற்கு முதல் மருந்து அட்ரினலின் மட்டுமே. ஆன்டிஹிஸ்டமின் மாத்திரை முழுமையாக வேலை செய்ய அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகும். அப்போதும் அது அரிப்பையும் தடிப்பையும் குறைக்குமே தவிர, வீங்கி அடைபடும் தொண்டையைத் திறக்காது, சரிந்துகொண்டிருக்கும் ரத்த அழுத்தத்தை உயர்த்தாது. உணவு ஒவ்வாமையால் உயிரிழந்தவர்களில் பலருக்குச் சாப்பிட்ட அரை மணி நேரத்துக்குள்ளேயே மூச்சோ இதயத்துடிப்போ நின்றிருக்கிறது. சென்ற மாதம் உங்கள் மகனைக் காப்பாற்றியது மாத்திரை அன்று; எதிர்வினை தானாகத் தணிந்திருக்கிறது. அடுத்த முறையும் அவ்வாறே தணியும் என்று யாராலும் உறுதி கூற இயலாது.

ஊசியைத் தொடையின் வெளிப்புறத்தில், நடுப்பகுதியில் போட வேண்டும். உடையைக் கழற்றி நேரத்தை வீணாக்க வேண்டாம், துணியின் மேலாகவே போடலாம். ஐந்து நிமிடங்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் இரண்டாவது பேனாவைப் பயன்படுத்துங்கள். சிறிது நேரத்துக்குப் படபடப்பும் கைநடுக்கமும் இருக்கும்; அதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. பிள்ளையைப் படுக்கவைத்துக் காலைச் சற்று உயர்த்துங்கள். மூச்சுத் திணறல் மிகுதியாக இருந்தால் காலை நீட்டியபடி சாய்ந்து உட்காரட்டும். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடாதீர்கள், ஏனெனில் ரத்த அழுத்தம் சரிந்த நிலையில் சட்டென எழுந்து நின்றதாலேயே உயிரிழந்தவர்கள் இருக்கிறார்கள். மகனின் எடை ஏறத்தாழ 25 கிலோவை நெருங்கும்போது, 0.15 மில்லிகிராம் பேனாவிலிருந்து 0.3 மில்லிகிராமுக்கு மாறுவது பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: ஊசி போட்டதும் முழுமையாகச் சரியாகிவிட்டால், மருத்துவமனைக்குப் போகத்தான் வேண்டுமா?

பதில்: போகத்தான் வேண்டும். அட்ரினலினின் வேகம் பத்து, இருபது நிமிடங்களில் குறைந்துவிடும். சிலருக்குச் சில மணி நேரம் கழித்து எதிர்வினை மறுபடியும் தலைதூக்கும்.

கேள்வி: எனக்கு அலர்ஜி இருக்கிறது. எந்த மருந்து நல்லது?

பதில்: எதற்கு ஒவ்வாமை, மூக்கிலா தோலிலா மூச்சிலா, எத்தனை நாட்களாக, வயது என்ன, வேறு நோய் உண்டா, வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா ஆகியவற்றில் ஒன்றைக்கூட எழுதாமல் மருந்தின் பெயரை மட்டும் கேட்டிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குப் பொறுப்புள்ள எந்த மருத்துவரும் பதில் கூற மாட்டார். ஒரு தாளில் இவ்விவரங்களை எழுதிக்கொண்டு உங்கள் மருத்துவரை நேரில் பாருங்கள்.

கேள்வி: நான்கு வயது மகளுக்குக் கரப்பான் (எக்ஸிமா என்னும் தோல் அழற்சி) இருக்கிறது, அவ்வப்போது வயிறு வலிப்பதாகவும் சொல்வாள். நூற்றுக்கும் மேற்பட்ட உணவுகளுக்கு ஒரே ரத்த மாதிரியில் பரிசோதனை செய்துகொண்டோம். பால், முட்டை, கோதுமை உட்பட முப்பது உணவுகள் சிவப்பு நிறத்தில் வந்தன. எட்டு மாதங்களாக எல்லாவற்றையும் நிறுத்திவிட்டோம். கரப்பான் குறையவில்லை, எடையும் ஏறவில்லை. இன்னும் எவற்றை நிறுத்த வேண்டும்?

பதில்: அம்மா, இனி எதையும் நிறுத்தாதீர்கள். இந்தப் பரிசோதனையால் துன்பப்பட்டு வந்த பிள்ளைகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன், ஆகவே இதற்குச் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

நீங்கள் அனுப்பிய அறிக்கையில் அளந்திருப்பது ஐஜிஜி என்னும் எதிர்ப்புப் புரதத்தை. சாப்பிட்ட சிறிது நேரத்தில் வரும் ஒவ்வாமைக்குக் காரணமாவதோ, 1960-களின் பிற்பகுதியில் கண்டறியப்பட்ட ஐஜிஇ என்னும் வேறொரு புரதம். ஓர் உணவுக்கு எதிராக ஐஜிஜி இருப்பது, அந்த உணவை உடல் சந்தித்திருக்கிறது என்பதற்கு மட்டுமே சான்று; நலமாக இருப்பவர்களுக்கும், ஒவ்வாமையிலிருந்து மீண்டு அந்த உணவைத் தாங்கப் பழகியவர்களுக்கும்கூட அது இருக்கும். பாலும் முட்டையும் கோதுமையும் அடிக்கடி உண்ணும் குழந்தைக்கு அவையே பட்டியலில் மேலே வருவதில் வியப்பில்லை. உணவு ஒவ்வாமையைக் கண்டறிய இந்தப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாமென ஐரோப்பிய ஒவ்வாமை மருத்துவக் கழகம் 2008-லேயே அறிவுறுத்தியது. அமெரிக்க, கனடிய ஒவ்வாமை மருத்துவ அமைப்புகளின் நிலைப்பாடும் அதுவே. அதற்குப் பிறகும், கவலையோடு வரும் பெற்றோரிடம் இதை விற்பவர்கள் விற்றுக்கொண்டுதான் இருக்கிறார்கள். நீங்கள் செய்தது பிள்ளையின் மீதுள்ள அக்கறையால் செய்தது; குற்றம் உங்களுடையது அன்று.

சரியான பரிசோதனையான ஐஜிஇ அளவோ தோல் குத்துப் பரிசோதனையோ கூட, நடந்த நிகழ்வின் விவரம் இல்லாமல் தனித்து நின்று தீர்ப்பளிக்காது. தோலில் 3 மில்லிமீட்டர் தடிப்பு எழுந்தால் பாசிட்டிவ் என்கிறோம்; ஆனால் பாசிட்டிவ் வந்த உணவை எந்தத் தொந்தரவுமின்றிச் சாப்பிடும் பிள்ளைகள் ஏராளம். கரப்பான் உள்ள குழந்தைகளிடம் இது இன்னும் அதிகம். எனவேதான், சந்தேகத்துக்கு இடமளிக்கும் உணவுக்கு மட்டும் பரிசோதனை செய்ய வேண்டும், நூறு உணவுக்கும் சேர்த்து ஒருபோதும் செய்யக் கூடாது என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். ஐயம் நீடித்தால், மருத்துவமனையில் கண்காணிப்பில் அந்த உணவைச் சிறிது சிறிதாகக் கூட்டிக் கொடுத்துப் பார்ப்பதே இறுதிச் சோதனை.

தேவையின்றி உணவை விலக்குவதால் பிள்ளைக்குக் கால்சியமும் புரதமும் குறைந்து வளர்ச்சி தடைப்படுவது ஒரு தீங்கு. அதைவிடக் கவலைக்குரியது, கரப்பான் உள்ள குழந்தை இதுவரை தாங்கிக்கொண்டிருந்த உணவை மாதக்கணக்கில் நிறுத்தியபின் மறுபடி கொடுக்கும்போது, முன்பு இல்லாத உடனடி ஒவ்வாமை அந்த உணவுக்கே தோன்றக்கூடும் என்பது. உணவை விலக்குவது ஒவ்வாமையைத் தடுக்கும் என்ற பழைய நம்பிக்கையை 2015-இல் வெளியான லீப் ஆய்வும் தலைகீழாக மாற்றியது: கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த சுமார் 640 கைக்குழந்தைகளில், வேர்க்கடலை உணவைத் தொடக்கத்திலிருந்தே தொடர்ந்து உண்டவர்களிடம், அதைத் தவிர்த்தவர்களைவிட, ஐந்து வயதில் வேர்க்கடலை ஒவ்வாமை ஏறத்தாழ 80 விழுக்காடு குறைவாக இருந்தது.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான்: நிறுத்திய உணவுகளின் பட்டியலோடு குழந்தைநல மருத்துவரையோ ஒவ்வாமை மருத்துவரையோ இந்த வாரமே பாருங்கள். எட்டு மாத இடைவெளி விழுந்துவிட்டதால் பால், முட்டை, கோதுமை ஆகியவற்றை நீங்களாக வீட்டில் தொடங்க வேண்டாம். எந்த வரிசையில், எங்கே வைத்து, எவ்வளவு கொடுப்பது என்பதை அவர் முடிவு செய்யட்டும். கரப்பானுக்குத் தேவைப்படுவது ஒழுங்கான தோல் சிகிச்சை: நாள்தோறும் ஈரப்பதம் காக்கும் களிம்பும், கிளர்ந்தெழும்போது மருத்துவர் சொன்ன அளவில் ஸ்டீராய்டு களிம்பும். ஸ்டீராய்டு என்றதும் பயந்து பொட்டளவு தடவி நிறுத்திவிடுவதால்தான் பல பிள்ளைகளுக்குக் கரப்பான் அடங்குவதில்லை.

கேள்வி: மூன்று மாதங்களாக நாள்தோறும் தடிப்பு வந்து மறைகிறது. எந்த உணவு காரணம் என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

பதில்: உணவு காரணமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆறு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் தடிப்பு பெரும்பாலும் வெளிப்பொருள் எதனாலும் வருவதில்லை. மயக்கம் தராத புதிய தலைமுறை ஆன்டிஹிஸ்டமின் மாத்திரையை, வந்தபோது மட்டும் விழுங்காமல், நாள்தோறும் சாப்பிட வேண்டும். போதவில்லை என்றால் மருத்துவர் அளவைக் கூட்டுவார்.

கேள்வி: என் வகுப்பில் பால் ஒவ்வாமை உள்ள ஒரு மாணவியும் வேர்க்கடலை ஒவ்வாமை உள்ள ஒரு மாணவனும் சேர்ந்திருக்கிறார்கள். ஆசிரியையாக நான் என்ன செய்ய வேண்டும்? கடலை வாசம் பட்டாலே ஆபத்து என்கிறார்களே?

பதில்: உங்களைப் போல் முன்கூட்டியே கேட்கும் ஆசிரியர்கள் பெருக வேண்டும். மருத்துவர் கையொப்பமிட்ட அவசரகாலத் திட்டம் ஒன்றைப் பெற்றோரிடம் கேட்டு வாங்கி, உங்கள் விடுப்பு நாளில் வரும் ஆசிரியருக்கும் தெரியும்படி வையுங்கள். அட்ரினலின் பேனாவைப் பூட்டிய அலமாரியில் வைக்கக் கூடாது. பிள்ளைக்கு மூச்சு முட்டும்போது மருந்துதான் பிள்ளையைத் தேடி வர வேண்டும். பிள்ளையை எழுப்பி மருந்து இருக்கும் அறைக்கு நடத்திச் செல்லக் கூடாது. இங்கும் அதே விதிதான்: முதலில் அட்ரினலின், பிறகு ஆம்புலன்ஸுக்கும் பெற்றோருக்கும் தொலைபேசி. பெற்றோரிடம் அனுமதி கேட்கக் காத்திருந்து நிமிடங்களை இழக்காதீர்கள். அந்த அனுமதியைத் திட்டத்திலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.

வாசம் பட்டால் குமட்டலும் பயமும் வரலாம். உயிருக்கு ஆபத்தான எதிர்வினை வருவது அநேகமாக வாய்க்குள் போவதால்தான். பால் கொதிக்கும்போதோ மீன் வேகும்போதோ எழும் ஆவி சிலருக்கு வீசிங்கைத் தூண்டும் என்பது வேறு. உணவுக்குப் பிறகு எல்லாப் பிள்ளைகளும் சோப்பு போட்டுக் கைகழுவட்டும். கிருமிநாசினி ஜெல் கிருமியைக் கொல்லுமே ஒழிய, கையில் ஒட்டியிருக்கும் வேர்க்கடலைப் புரதத்தை அகற்றாது. உணவைப் பகிர்ந்துகொள்ளக் கூடாது என்ற விதியை வகுப்பு முழுமைக்கும் வையுங்கள். அந்த இருவரையும் தனி மேசையில் ஒதுக்கி உட்காரவைக்காதீர்கள். ஒவ்வாமையைச் சாக்காக வைத்துக் கேலி செய்வதும், விளையாட்டாக அந்த உணவைக் காட்டி மிரட்டுவதும் பள்ளிகளில் நடக்கின்றன. அதைக் குறும்பு என்று விட்டுவிடக் கூடாது.

கேள்வி: பேரனுக்குப் பால் ஆகாது என்று மருமகள் ஒரு சொட்டுக்கூடத் தர விடுவதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் பழகிவிடும் என்று நினைக்கிறேன். அவளுக்குத் தெரியாமல் கொடுத்துப் பார்க்கலாமா?

பதில்: ஐயா, அப்படி ஒரு நாளும் செய்துவிடாதீர்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துப் பழக்கும் சிகிச்சை உண்மையிலேயே இருக்கிறது. ஆனால் அது மில்லிகிராம் கணக்கில் அளந்து, ஒவ்வொரு முறை அளவைக் கூட்டும்போதும் மருத்துவரின் கண்காணிப்பில், அட்ரினலினைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டு செய்யப்படுவது. பால் ஒவ்வாமையும், பால் செரிக்காமல் வயிறு உப்புவதும் ஒன்றல்ல. உங்கள் காலத்தில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் பின்னதாக இருக்கலாம். மற்றொன்று, நீங்கள் ரகசியமாகக் கொடுத்துப் பிள்ளைக்கு ஏதேனும் நேர்ந்தால், என்ன கொடுத்தீர்கள் என்பது தாய்க்குத் தெரியாமல் சிகிச்சை தாமதமாகும். பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளில் பெரும்பாலோர் வளர வளர அதிலிருந்து மீள்கிறார்கள், ஆகவே ஆண்டுதோறும் மறுபரிசோதனைக்கு மருமகளோடு நீங்களும் போய்வாருங்கள். பேனா ஊசியைப் போடவும் கற்றுக்கொள்ளுங்கள். பேரன் உங்கள் பொறுப்பில் இருக்கும் நேரங்களில் அந்தப் பயிற்சி அவனுக்குப் பெரிய பாதுகாப்பு.

கேள்வி: முட்டை ஒவ்வாமை உள்ள குழந்தைக்குத் தட்டம்மைத் தடுப்பூசி போடலாமா?

பதில்: போடலாம், போட வேண்டும்.

கேள்வி: மூக்கடைப்பை உடனே நீக்கும் ஸ்பிரேயை ஆறு மாதங்களாக அடித்துவருகிறேன். இப்போது அது இல்லாமல் தூங்க முடியவில்லை.

பதில்: அடைப்பை நீக்கும் ஸ்பிரேயை ஐந்து நாட்களுக்கு மேல் தொடக் கூடாது என்பதைப் பலமுறை எழுதியிருக்கிறேன். இப்போது உங்கள் மூக்கை அடைப்பது அந்த ஸ்பிரேயே. அதை நிறுத்திவிட்டு ஸ்டீராய்டு ஸ்பிரேக்கு மாற மருத்துவர் உதவுவார். அது முழுப்பலன் தர ஒன்றிரண்டு வாரங்கள் ஆகும், ஆகவே மூன்றாம் நாளே பயனில்லை என்று எறிந்துவிடாதீர்கள். முனையை மூக்கின் நடுத்தண்டை நோக்கி வைக்காமல் வெளிப்பக்கமாகச் சாய்த்து அடியுங்கள். ரத்தம் கசிவது குறையும்.

கேள்வி: சிறுவயதில் பென்சிலின் அலர்ஜி என்று சொன்னார்கள். இப்போது வயது நாற்பது. வாழ்நாள் முழுவதும் தவிர்க்க வேண்டுமா?

பதில்: தேவைப்படாமல் போகலாம். பென்சிலின் ஒவ்வாமை என்று தம்மைச் சொல்லிக்கொள்பவர்களை முறையாகப் பரிசோதித்தால், பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லை என்றே தெரியவருகிறது. குழந்தைப் பருவத்தில் வைரஸ் காய்ச்சலோடு வந்த தடிப்பைப் பலர் மருந்தின் மேல் ஏற்றியிருப்பார்கள். உண்மையாகவே இருந்தவர்களிலும் சுமார் 80 விழுக்காட்டினருக்குப் பத்தாண்டுகளில் அது மறைந்துவிடுகிறது. தவறான முத்திரையோடு வாழ்ந்தால், நோய் வரும்போது பொருத்தமான மருந்து கிடைக்காமல் போகும். நலமாக இருக்கும்போதே பரிசோதித்துக்கொள்ளுங்கள், நீங்களாக ஒரு மாத்திரையை விழுங்கிப் பார்க்காதீர்கள்.

கேள்வி: எனக்குப் பதினேழு வயது. கல்லூரி விடுதியில் சேரப் போகிறேன். முந்திரி ஒவ்வாமை இருக்கிறது, ஆஸ்துமாவும் உண்டு. எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிய வெட்கமாக இருக்கிறது.

பதில்: எல்லோரிடமும் சொல்ல வேண்டியதில்லை தம்பி, அறைத் தோழரிடமும், உங்களோடு அடிக்கடி சாப்பிடும் ஓரிருவரிடமும், விடுதிக் காப்பாளரிடமும் சொன்னால் போதும். உங்கள் வயதிலும் இருபதுகளிலும் உள்ளவர்களே உணவு ஒவ்வாமையால் உயிரிழக்கும் ஆபத்து கூடியவர்கள். அவர்களிலும் ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். எனவே இன்ஹேலரை ஒழுங்காக எடுத்துக்கொள்வதும் ஒவ்வாமைப் பாதுகாப்பின் ஒரு பகுதிதான். முந்திரி ஆகாதவர்களில் பலருக்குப் பிஸ்தாவும் ஆகாது என்பதால் அதையும் மருத்துவரிடம் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். உடல் தடித்து மூச்சு முட்டும்போது குளியலறையில் போய் ஒளிந்துகொள்ளாதீர்கள், தனியாக எங்கும் போகாதீர்கள். பேனாவைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டு, தோழரை ஆம்புலன்ஸுக்கு அழைக்கச் சொல்லுங்கள். மாத்திரையைப் பற்றி அதன் பிறகு யோசிக்கலாம். இரண்டு பேனாக்களையும் நீங்கள் போகுமிடமெல்லாம் உடன் எடுத்துச் செல்லுங்கள். வெயிலில் நிற்கும் வாகனத்திலோ குளிர்பெட்டியிலோ வைக்காமல் 25 டிகிரிக்குள் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். சாளரத்தின் வழியே தெரியும் திரவம் பழுப்பாகியிருந்தாலோ காலாவதித் தேதி நெருங்கினாலோ புதியது வாங்கிவிடுங்கள். ஊசியில்லாத பயிற்சிப் பேனா ஒன்றையும் கேட்டு வாங்கி, விடுதியில் சேரும் முதல் வாரத்திலேயே தோழருக்குப் போடக் கற்றுக்கொடுங்கள்.