ஏஸ், ஏரோ: கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

புத்தகம், தொடர், ஆதரவுக் குழுக்கள் பற்றித் தாராளமாகக் கேளுங்கள். மருந்துச்சீட்டும் சட்ட நோட்டீஸும் என் வேலை இல்லை.

பூட்டு_சாவி: ஏசெக்ஷுவல், ஏரோமான்டிக் இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. யார்மீதும் உடல் ஈர்ப்பு வராதவர், அல்லது மிக அரிதாக வருபவர், ஏஸ். காதல் ஈர்ப்பு வராதவர் ஏரோ. காதல் வரும், உடல் ஈர்ப்பு வராது என்பவர்கள் உண்டு, தலைகீழாகவும் உண்டு, இரண்டுமே வராதவர்களும் உண்டு.

மழைக்குருவி: அக்கா, எங்கிருந்து படிக்க ஆரம்பிப்பது?

டேவிட் ஜே 2001இல் ஏஸ்களுக்காகத் தொடங்கிய ஏவென் (AVEN) இணையதளத்திலிருந்து. பெற்றோர் கேட்கும் கேள்விகளுக்குக்கூட அங்கே பதில் உண்டு. ஏஸ்களின் கறுப்பு, சாம்பல், வெள்ளை, ஊதா கொடி அந்த வட்டாரத்தில் 2010இல் வந்ததுதான். ஆனால் ஏரோக்களுக்கு அங்கே வெகுநாள் திண்ணையில்தான் இடம். அவர்களுக்கென்றே 2019இல் வந்தது ஆரியா (AUREA) அமைப்பு. ஏரோவாக இருந்தால் அங்கேயே போங்கள். புத்தகம் வேண்டுமானால் ஏஞ்சலா சென் 2020இல் எழுதிய ‘ஏஸ்’. சென்னையில் ஓரினம் இருக்கிறது. 2003இல் வேறு பெயரில் தொடங்கிய பால்புதுமையினர் (LGBTQ+) ஆதரவுக் குழு, தமிழிலும் எழுதுகிறார்கள். ஏஸ்களுக்கு மட்டுமான குழு இல்லை, ஆனால் காது கொடுப்பார்கள். ‘பத்துக் கேள்வியில் கண்டுபிடியுங்கள்’ வகை இணையத் தேர்வுகளைத் தொடாதீர்கள்.

அப்புறம், எல்லோருக்கும் ஒன்று: வரன் பார்க்கிறார்கள் என்றால், நிச்சயத்துக்கு முன்பே எதிர்த்தரப்பிடம் சொல்லிவிடுங்கள்.

நெல்லை_2: கல்யாணம் ஆனால் சரியாகிவிடும் என்கிறார் அம்மா. ஆகுமா?

ஆகாது. தன்னை ஏசெக்ஷுவல் என்று உணர்பவருக்கு ஆசைக்குறைவுக் கோளாறு என்று பெயர் வைக்கக்கூடாது என்று அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடே 2013இல் சொல்லிவிட்டது. முன்பு இருந்த ஆசை திடீரென்று போனால் அது வேறு கதை. மனச்சோர்வு மாத்திரைகூடக் காரணமாக இருக்கலாம், மருத்துவரைப் பாருங்கள். ‘மாற்றிக் காட்டுகிறேன்’ என்று யாராவது சிகிச்சைக்குக் கூப்பிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். பாலீர்ப்பை மாற்றும் சிகிச்சை தொழில் ஒழுங்கீனம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022இல் அறிவித்திருக்கிறது.

கணக்குப்புலி: எத்தனை பேர் இருப்பார்கள்?

அந்தோணி போகர்ட் 2004இல் எழுதிய ஆய்வில், 18,000க்கும் மேற்பட்ட பிரிட்டன்காரர்களில் ஏறத்தாழ 1 சதவீதம் பேர்.

சீரியல்பிரியன்: திரையில் யாரைப் பார்க்கலாம்? ‘பிக் பேங் தியரி’ ஷெல்டனைச் சேர்க்கலாமா?

ஷெல்டன் வேண்டாம். ‘போஜாக் ஹார்ஸ்மேன்’ தொடரின் டாட் 2017இல் தன் வாயாலேயே ஏசெக்ஷுவல் என்று சொல்கிறான். ‘ஹார்ட்ஸ்டாப்பர்’ இரண்டாம் பருவத்தில் (2023) ஐசக் ஏஸும் ஏரோவும். ஆர்ச்சி காமிக்ஸின் ஜக்ஹெட் 2016இல் ஏஸ் ஆனான். மறு வருடமே வந்த ‘ரிவர்டேல்’ அதைத் துடைத்துப்போட்டு அவனுக்குக் காதலி பிடித்துக் கொடுத்தது. இருந்ததைப் பிடுங்குவதுதான் எனக்கு ஆத்திரம்.

கூடல்நகர்: ஔவையாரை விட்டுவிட்டீர்களே! கல்யாணம் வேண்டாமென்று பிள்ளையாரிடம் முதுமை கேட்டு வாங்கியவர். நம் முதல் ஏரோ அவர்தான்.

கதை எனக்கும் பிடிக்கும். ஆனால் அதில் இருப்பது ‘கல்யாணம் வேண்டாம்’ மட்டும்தான். அதோடு எந்த ஔவை? அதியமானிடம் நெல்லிக்கனி வாங்கியவர் வேறு, ஆத்திசூடி பாடியவர் வேறு.

பழையசோறு: டாட் வாயால் சொன்னான், சரி. அந்தக் காலத்துப் பாட்டி அந்தச் சொல்லுக்கு எங்கே போவார்?

நியாயம்தான். சொல் வருவதற்கு முன்பே ஆட்கள் இருந்திருப்பார்கள். ஆனால் துறவியையும் பிரம்மச்சாரியையும் நம் கணக்கில் சேர்த்தால், ‘நீயும் சாமியாராகப் போயேன்’ என்று ஊர் எளிதாக முடித்துவிடும். பிரம்மச்சாரி ஆசையை அடக்குகிறார். ஏஸுக்கு அடக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. அந்தக் கதையில் என்னை உறுத்துவது வேறு: கல்யாணத்தை மறுக்க ஒரு பெண் தன் இளமையையே கொடுக்க வேண்டியிருந்தது.

கூடல்நகர்: அதனால்தான் வேண்டும் என்கிறேன். வீட்டில் டாட் என்றால் எவன் அவன் என்பார்கள். ஔவை என்றால் வாயடைப்பார்கள்.

வீட்டில் பேச உதவினால் தாராளமாகச் சொல்லுங்கள். கட்டுரையில் சான்றாக வைக்காதீர்கள்.

துளசிமாடம்: அப்போது ஆண்டாள்?

கண்ணன்மேல் அத்தனை காதலைக் கொட்டியவரையா? ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் போய்ச் சொல்லிவிடாதீர்கள்.

பழையசோறு: மணிமேகலை?

இதோடு பழந்தமிழ் போதும். அடுத்தவர்.

அன்புடன்_ரவி: கல்யாணம் செய்தால் மாறுமா?

மேலே நெல்லைக்காரருக்குச் சொன்னதுதான்.

வெள்ளிவீதி: கல்யாணம் ஆகிவிட்டது. எனக்கு உறவில் விருப்பமில்லை என்றால் என் துணைவர் விவாகரத்து கேட்கலாமா?

கேட்கலாம். தகுந்த காரணமில்லாமல் நெடுநாள் தாம்பத்திய உறவை மறுப்பது மனரீதியான கொடுமையாகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2007இல், சமர் கோஷ் வழக்கில், சொல்லியிருக்கிறது. ஏஸ் என்பது தகுந்த காரணமா என்பதையெல்லாம் குடும்பநல வழக்கறிஞரிடம் கேளுங்கள். நிச்சயத்துக்கு முன்பே சொல்லுங்கள் என்று நான் ஏன் கத்துகிறேன் என்று மற்றவர்களுக்கு இப்போது புரிந்திருக்கும்.

புதுமுகம்9: நானும் ஏஸ். கல்யாணத்துக்குப் பிறகு...

மாறாது.

நடுவிரல்: ஏஸ்கள் போடும் கறுப்பு மோதிரம் எந்த விரலில்?

வலது கை நடுவிரலில். ஏரோ என்றால் இடது கை நடுவிரலில் வெள்ளை. கட்டாயமெல்லாம் இல்லை. நம்மூரில் ஒரு வசதி: சனி தோஷத்துக்கா என்று அத்தை கேட்டால் ஆமாம் என்று சொல்லிக்கொள்ளலாம்.