கூடைப்பந்து வீரர் தலைமைப் பயிற்சியாளராவது எப்படி?

யாரை எப்போது களமிறக்குவது, எந்த உத்தியைக் கையாள்வது என்பவற்றை முடிவுசெய்பவரே தலைமைப் பயிற்சியாளர். ஆடும் காலத்திலேயே பத்துப் பேரின் நகர்வையும் கவனிக்கப் பழகியவருக்கு இப்பொறுப்பு இயல்பாகப் பொருந்துகிறது. மொரிஷியசில் நம் திருமணங்களுக்கு ஏழு கறி சமைக்கையில், ஒரே பாத்திரத்தைக் கிளறுபவரைவிட எல்லா அடுப்பிலும் கண்வைத்திருப்பவரே பின்னாளில் தலைமைச் சமையற்காரராகிறார் அல்லவா?

எடுத்துக்காட்டாக, ஸ்டீவ் கெர் 1988 முதல் 2003 வரை வட அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்.பி.ஏ.வில் ஆடி, பெரும்பாலும் மாற்று வீரராகவே இறங்கி, ஐந்து முறை வாகை சூடிய அணிகளில் இடம்பெற்றார். பிறகு வர்ணனையாளராகவும் அணி மேலாளராகவும் இருந்துவிட்டு, துணைப் பயிற்சியாளராகக்கூடப் பணியாற்றாமல் (இது அரிது), 2014இல் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் அணியின் பொறுப்பேற்று, முதல் பருவத்திலேயே கோப்பையை வென்றார். 2017, 2018, 2022 ஆண்டுகளிலும் வென்றார்.

நட்சத்திர வீரரே சிறந்த பயிற்சியாளராவார் என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் கெர் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாக எடுத்தவை 6 புள்ளிகள்தாம்.