கேள்வி – பதில்: அமெரிக்கப் பல் மருத்துவச் சிறப்புப் பயிற்சிக்கு விண்ணப்பிப்போர்க்கு

அமெரிக்காவில் பல் மருத்துவப் பட்டம் பெற்றபின் சிறப்புத் துறைகளில் ரெசிடென்சி எனப்படும் மேற்பயிற்சிக்கு விண்ணப்பிப்பது குறித்து, மாணவர்களிடமிருந்தும் பெற்றோரிடமிருந்தும் வந்த கடிதங்களுக்கு இம்மாதம் விடையளிக்கிறேன். ஒரே ஐயத்தைப் பலர் எழுப்பியிருந்தால் ஒரு கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டுள்ளேன்.

மிச்சிகனில் பல் மருத்துவம் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆர்த்தோடான்டிக்ஸ் எனும் பல் சீரமைப்புத் துறையில் சேர விரும்புகிறேன். தேசியத் தேர்வில் இப்போது மதிப்பெண்ணே கிடையாது என்கிறார்கள். அப்படியானால் எதை வைத்து எங்களை எடைபோடுகிறார்கள்?

நீங்கள் கேள்விப்பட்டது சரிதான். பழைய தேசிய வாரியத் தேர்வின் முதல் பகுதியில் பெறும் மதிப்பெண்ணே ஒரு காலத்தில் விண்ணப்பதாரர்களைச் சலித்தெடுக்கும் சல்லடையாக இருந்தது. 2012-இல் அது தேர்ச்சி, தோல்வி என்ற இரண்டே முடிவுகளாகச் சுருக்கப்பட்டது. 2020-இல் நடைமுறைக்கு வந்த ஐ.என்.பி.டி.இ. எனும் ஒருங்கிணைந்த தேர்வும் அதே வழியைப் பின்பற்றுகிறது. மதிப்பெண் மறைந்தது மாணவர்களுக்கு நிம்மதி என்றுதான் பலரும் நினைத்தார்கள். போட்டி மிகுந்த துறைகளில் நடந்தது வேறு. அந்த ஒரு தேர்வு சுமந்த பாரம் வகுப்பில் நீங்கள் பெறும் இடத்தின் மீதும், பரிந்துரைக் கடிதங்களின் மீதும், நேர்காணலின் மீதும் இறங்கிவிட்டது. பல் மருத்துவ மேற்பயிற்சிக்கென 2016 முதல் நடத்தப்படும் ஏ.டி.ஏ.டி. தேர்வைச் சில பயிற்சித் திட்டங்கள் கேட்கின்றன, சில ஜி.ஆர்.இ. எனும் பொது மேற்படிப்புத் தேர்வைக் கேட்கின்றன, எதையும் கேட்காதவையும் உண்டு. ஒவ்வொரு திட்டத்தின் விதிமுறையையும் தனித்தனியாகப் பார்ப்பதைத் தவிர இதற்குக் குறுக்குவழி இல்லை.

ஆர்த்தோடான்டிக்ஸ் திட்டங்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒற்றை இலக்க எண்ணிக்கையிலேயே மாணவர்களைச் சேர்த்துக்கொள்கின்றன. வரும் விண்ணப்பங்களோ அதைப் போலப் பல மடங்கு. எல்லாரும் வகுப்பின் மேல்தட்டில் இருப்பவர்கள், எல்லாரும் ஏதோ ஓர் ஆராய்ச்சியில் பெயர் சேர்த்தவர்கள் என்ற நிலையில், மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் இருப்பவர் தேடுவது உங்களை நேரில் கண்ட ஒருவரின் சாட்சியத்தைத்தான். ஆகவே கடிதம் எழுதுபவரைப் பதவி பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். ‘இந்த மாணவர் மிகச் சிறந்தவர், கடின உழைப்பாளி’ என்று துறைத்தலைவர் எழுதும் மூன்று வரியைவிட, தாம் செய்த வேலையில் பிழை இருப்பதைத் தாமே கண்டு சொல்லி, மாலையில் காத்திருந்து அதை மறுபடி செய்து முடித்தார் என்று ஓர் இளம் ஆசிரியர் எழுதும் கடிதம் எங்கள் கண்ணில் நிற்கும்.

பாஸ் எனப்படும் பொது விண்ணப்பத் தளம் வழக்கமாக மே மாதத்தில் திறக்கிறது. ஆர்த்தோடான்டிக்ஸ் திட்டங்கள் பலவற்றின் கடைசி நாள் கோடை முடிவதற்குள் வந்துவிடும். எனவே கடிதம் எழுதுவோரை மூன்றாம் ஆண்டின் இறுதிக்குள் நேரில் சந்தித்துக் கேட்டுவிடுங்கள். விண்ணப்பக் கட்டுரையைப் பற்றி ஒரு வார்த்தை: பதின்மூன்று வயதில் தமக்குக் கிளிப் போட்டபோது பிறந்த ஆசையில் தொடங்காத கட்டுரையைக் காண்பதே அரிதாகிவிட்டது. உங்கள் பல்லுக்கும் கிளிப் போட்டிருக்கலாம். அதைக் கட்டுரையில் சேர்க்க வேண்டிய கட்டாயம் இல்லை.

என் மகன் வாய், முக, தாடை அறுவை சிகிச்சைத் துறைக்குப் போக வேண்டும் என்கிறான். நான்கு ஆண்டுப் படிப்பு, ஆறு ஆண்டுப் படிப்பு என்று இரண்டு சொல்கிறான். இவ்வளவு கடன் வாங்கிப் படித்த பிறகு இன்னும் ஆறு ஆண்டா? சம்பளம் உண்டா? — ஒரு தந்தை, எடிசன், நியூ ஜெர்சி

ஐயா, சம்பளம் உண்டு. அறுவை சிகிச்சை ரெசிடென்ட்கள் மருத்துவமனையின் பயிற்சி மருத்துவர்களாகவே பணிபுரிகிறார்கள் என்பதால் அவர்களுக்கு உதவித்தொகை கிடைக்கிறது. நான்கு ஆண்டுத் திட்டத்தில் துறைச் சான்றிதழ் மட்டும். ஆறு ஆண்டுத் திட்டத்தில் அதனுடன் அமெரிக்க மருத்துவப் பட்டமான எம்.டி.யும் சேர்கிறது. மருத்துவக் கல்லூரியில் பயிலும் ஆண்டுகளில் பல திட்டங்களில் கட்டணம் நாமே கட்ட வேண்டியிருக்கும்; அந்தக் கணக்கை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டில் எதை முடித்தாலும் துறை வாரியத்தின் சான்றிதழ் ஒன்றுதான், தனியாகத் தொழில் நடத்துவதற்கும் நான்கு ஆண்டு போதும். முகச் சீரமைப்பு, புற்றுநோய் அறுவை போன்றவற்றில் மேற்பயிற்சியோ பெரிய மருத்துவமனையில் ஆசிரியப் பணியோ மனத்தில் இருந்தால் எம்.டி. கை கொடுக்கும்.

கடனைப் பற்றிக் கேட்டீர்கள். உண்மையில் பெற்றோர் அதிகம் கவலைப்பட வேண்டியது ஆர்த்தோடான்டிக்ஸைப் பற்றித்தான். அங்கே உதவித்தொகை தரும் திட்டங்களும் உண்டு, கல்லூரிக் கட்டணம் வசூலிக்கும் திட்டங்களும் உண்டு, இரண்டுக்கும் இடையேயான வேறுபாடு மிகப் பெரியது.

உங்கள் மகனிடம் இரண்டு செய்திகளைச் சொல்லுங்கள். இத்துறைக்கு சி.பி.எஸ்.இ. எனும் அடிப்படை மருத்துவ அறிவியல் தேர்வு உண்டு. நம் ஊர்ப் பள்ளி வாரியத்தோடு அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அது மருத்துவ மாணவர்களுக்கென உருவான தேர்வு, அதன் மதிப்பெண் இன்னும் எண்ணாகவே வருகிறது, பல் மருத்துவப் பாடத்தை மட்டும் படித்தவர் அதில் திணறுவார். அடுத்தது, தாம் விரும்பும் மருத்துவமனைகளில் ஓரிரு வாரம் தங்கிப் பணிபார்க்கும் எக்ஸ்டர்ன்ஷிப். நள்ளிரவில் தாடை முறிந்து வரும் நோயாளிக்குத் தையல் போடும்போது அருகில் நின்று கத்தரி பிடித்த மாணவர் எப்படிப்பட்டவர் என்பதை அங்குள்ள ரெசிடென்ட்கள் மறப்பதில்லை. நேர்காணல் பட்டியல் தயாராகும்போது அவர்களிடமும் கருத்துக் கேட்கப்படுகிறது.

குழந்தைப் பல் மருத்துவத்துக்கு விண்ணப்பித்திருக்கிறேன், நேர்காணல் அழைப்புகள் வரத் தொடங்கிவிட்டன. என்ன கேட்பார்கள்? எப்படித் தயார் செய்வது? ஒரு தோழியிடம் திருமணம், குழந்தை பற்றியெல்லாம் கேட்டார்களாம்.

அழைப்பு வந்துவிட்டது என்றால் உங்கள் மதிப்பெண்ணும் ஆராய்ச்சியும் போதும் என்று அவர்கள் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார்கள் என்று பொருள். அதன்பின் குழு தனக்குள் கேட்டுக்கொள்வது ஒன்றே: இவருடன் இரண்டு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் வேலை செய்ய முடியுமா?

வழக்கமான கேள்விகள் உங்களுக்குத் தெரிந்தவைதான். இத்துறை ஏன், எங்கள் திட்டம் ஏன், உங்கள் குறை என்ன, ஒரு சகமாணவரோடு முரண்பட்டபோது என்ன செய்தீர்கள். ‘அளவுக்கு மீறி உழைப்பதே என் குறை’ என்ற பதிலை நாங்கள் கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. விடைகளை மனப்பாடம் செய்யாதீர்கள். உங்கள் அனுபவத்திலிருந்து ஐந்தாறு நிகழ்ச்சிகளைத் தெளிவாக நினைவுபடுத்தி வைத்துக்கொண்டால், எந்தக் கேள்விக்கும் அவற்றுள் ஒன்று பொருந்தும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் நீங்கள் பொறுப்பு. ஆராய்ச்சியில் பெயர் இருக்கிறது, ஆனால் எத்தனை நோயாளிகளை ஆராய்ந்தீர்கள் என்று கேட்டால் தெரியவில்லை என்றால், அந்த வரி இல்லாமலே இருந்திருக்கலாம்.

சூழ்நிலைக் கேள்விகளில்தான் ஆட்கள் வேறுபட்டுத் தெரிகிறார்கள். ஓர் எடுத்துக்காட்டு. நான்கு வயதுக் குழந்தைக்கு மேல் முன்பற்கள் நான்கிலும் சொத்தை. நாற்காலியில் உட்கார மறுத்து அழுகிறாள். சில்வர் டயமைன் ஃப்ளூரைடு தடவினால் சொத்தை பரவாமல் பெரும்பாலும் நிற்கும், ஆனால் சொத்தையான இடம் கறுத்துவிடும். ‘பிறந்தநாள் போட்டோவில் என் பெண் எப்படித் தெரிவாள்?’ என்று தாய் மறுக்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

பலர் உடனே வழிகாட்டு நெறிகளை ஒப்பிப்பார்கள், அல்லது பொது மயக்கம் கொடுத்துச் சிகிச்சை செய்வேன் என்று தாவிவிடுவார்கள். நல்ல விடை கேள்வியில் தொடங்குகிறது. குழந்தைக்கு வலி இருக்கிறதா, இரவில் தூங்குகிறாளா, ஈறில் வீக்கமோ காய்ச்சலோ உண்டா? வீக்கம் இருந்தால் இம்மருந்தைப் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. இல்லையென்றால், கறுத்த பல்லின் படத்தைத் தாய்க்கு முன்னதாகவே காட்டுவேன். இந்த முன்பற்கள் ஆறேழு வயதில் விழத் தொடங்குபவை என்பதைச் சொல்வேன். கறுப்பின் மேல் பின்னர் வெள்ளை நிரப்புப் பொருளைப் பூச முடியும் என்பதையும், பொது மயக்கத்தில் உறை போடுவதென்றால் அதற்குரிய ஆபத்தும் காத்திருப்பும் என்ன என்பதையும் விளக்கி, முடிவை அவரிடம் விடுவேன் என்று ஒருவர் சொன்னால், நாங்கள் நிமிர்ந்து உட்காருவோம். கூடுதலாக ஒரு கிளைக்கேள்வி வரலாம்: அமெரிக்காவில் 2014-இல் இம்மருந்துக்கு அனுமதி கிடைத்தது பற்கூச்சத்துக்காக, சொத்தையை நிறுத்தப் பயன்படுத்துவது அந்த அனுமதிக்கு அப்பாற்பட்டது. இதைப் பெற்றோரிடம் எப்படிச் சொல்வீர்கள்? தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்வதில் தவறில்லை. தெரிந்ததுபோல் சுற்றி வளைப்பவரைக் குழந்தைகளிடம் விட எங்களுக்கு மனம் வராது.

நம் பிள்ளைகளிடம் நான் தொடர்ந்து காணும் ஒரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். தாம் செய்ததைச் சொல்லக் கூச்சப்பட்டு, ‘நாங்கள் செய்தோம்’, ‘எல்லாம் என் ஆசிரியர்களின் தயவு’ என்று நிறுத்திக்கொள்கிறார்கள். வீட்டில் இது பண்பு. நேர்காணலில் இவர் ஒன்றும் செய்யவில்லை போலும் என்று எடுத்துக்கொள்ளப்படும். ஆசிரியருக்கு நன்றி சொல்லுங்கள், அடுத்த வாக்கியத்தில் உங்கள் பங்கைச் சொல்லுங்கள்.

திருமணம், கருவுறும் எண்ணம், மதம் ஆகியவை நேர்காணலில் கேட்கத் தகாதவை. எனினும் யாராவது கேட்டுவிடக்கூடும். சினம் கொள்ளாமல், ‘பயிற்சிக் காலம் முழுவதையும் தடையின்றி முடிப்பேனா என்பது உங்கள் ஐயமானால், முடிப்பேன்’ என்று கேள்வியின் உட்கருத்துக்கு மட்டும் விடையளிக்கலாம். பிறகு அத்திட்டத்தை உங்கள் விருப்பப் பட்டியலில் எங்கே வைப்பது என்பது உங்கள் கையில். நேர்காணலுக்கு வெளியே நடப்பதும் கணக்கில் சேரும். நேரம் ஒதுக்கித் தரும் அலுவலகப் பணியாளரிடம் எரிந்துவிழுந்தவர் குழுவின் முன் எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் எடுபடாது.

மதுரையில் பி.டி.எஸ். முடித்தேன். அமெரிக்காவில் மறுபடி பல் மருத்துவப் பட்டம் படிக்காமல் நேரடியாகச் சிறப்புத் துறையில் சேர முடியுமா?

சேர முடியும், வெளிநாட்டுப் பட்டதாரிகளை ஏற்கும் சிறப்புப் பயிற்சித் திட்டங்கள் உள்ளன. ஆனால் பயிற்சியில் இடம் கிடைப்பது வேறு, முடித்தபின் தொழில் செய்ய உரிமம் கிடைப்பது வேறு. உரிமம் வழங்குவது ஒவ்வொரு மாநிலத்தின் வாரியமும் ஆகும். அங்கீகாரம் பெற்ற சிறப்புப் பயிற்சியை முடித்தவர்க்கு ஏதோ ஒரு வகை உரிமம் தரும் மாநிலங்கள் உண்டு. அமெரிக்கப் பல் மருத்துவக் கல்லூரியின் பட்டமே வேண்டும் என்று கூறும் மாநிலங்களும் உண்டு. உறவினர் வசிக்கும் மாநிலத்தில்தான் இருப்பேன் என்று நினைத்திருந்தால், முதலில் அந்த மாநில வாரியத்தின் விதியைப் படியுங்கள். விசா வகையையும் திட்ட அலுவலகத்திடம் கேட்டு எழுத்தில் பெறுங்கள். ஐ.என்.பி.டி.இ. எழுதவும் விண்ணப்பிக்கவும் உங்கள் மதிப்பெண் பட்டியலுக்கு, வெளிநாட்டுப் படிப்புகளை மதிப்பிடும் இ.சி.இ. அமைப்பின் மதிப்பீடு தேவைப்படும், பல்கலைக்கழகத்திலிருந்து சான்று நேரடியாகப் போய்ச் சேர மாதக்கணக்கில் ஆகலாம் என்பதால் அதை இன்றே தொடங்குங்கள். மற்றொரு வழி, வெளிநாட்டுப் பல் மருத்துவர்களுக்கான காபிட் எனும் விண்ணப்பத் தளம் மூலம் விண்ணப்பித்து இரண்டு முதல் மூன்று ஆண்டுகளில் அமெரிக்கப் பட்டம் பெறுவது. செலவு மிகுதி என்றாலும் உரிமச் சிக்கல் பெரும்பாலும் அதோடு தீர்ந்துவிடும்.

ஹூஸ்டன் மாணவன். என் மனத்துக்குப் பிடித்த திட்டம் எட்டாக்கனி. வேறொரு திட்ட இயக்குநர் ‘உன்னை உயர்ந்த இடத்தில் வைப்போம்’ என்றார். பட்டியலில் அதை முதலில் வைத்துவிடலாமா?

வேண்டாம். மாணவர்களும் திட்டங்களும் தரும் விருப்பப் பட்டியல்களைக் கணினி பொருத்தி இடம் ஒதுக்கும் முறைக்கு மேட்ச் என்று பெயர். இப்பொருத்த முறையின் அடிப்படை 1962-இல் டேவிட் கேல், லாயிட் ஷேப்லி ஆகிய இருவர் எழுதிய கட்டுரையில் உள்ளது. இத்துறைப் பணிக்காக ஷேப்லியும் ஆல்வின் ராத்தும் 2012-இல் பொருளாதார நோபல் பெற்றார்கள். கணினி முதலில் உங்கள் முதல் விருப்பத்தைத் தட்டிப் பார்க்கும். அங்கே இடமில்லையென்றால் இரண்டாவதற்குப் போகும். அங்கே உங்களைவிடக் கீழே வைக்கப்பட்ட ஒருவர் தற்காலிகமாக அமர்ந்திருந்தால், அவரை எழுப்பி உங்களை அமர்த்தும். ஆகவே எட்டாக்கனியை முதலில் வைத்ததால் இரண்டாம் இடத்தில் உங்கள் வாய்ப்பு ஒரு துளியும் குறையாது. இயக்குநரின் சொல் அன்பாகச் சொன்னதாக இருக்கலாம், பலரிடம் சொன்னதாகவும் இருக்கலாம். அது வாக்குறுதி அன்று. மேட்ச் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும் என்பதால், போக விருப்பமே இல்லாத திட்டத்தைப் பட்டியலில் சேர்க்காமல் விடுங்கள். எண்டோடான்டிக்ஸ் எனும் வேர் சிகிச்சைத் துறை இந்த மேட்ச்சில் இல்லை; அங்கே திட்டங்கள் நேரடியாகவே இடம் தருகின்றன, விடை சொல்லக் குறைந்த நாட்களே தருவார்கள்.

இம்முறை எனக்கு எங்கும் இடம் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டு மறுபடி முயலலாமா?

முயலலாம். முதலில் நிரம்பாத இடங்களின் பட்டியலைப் பாருங்கள். அதன்பின் உங்களுக்கு நேர்காணல் அழைப்பே வரவில்லையா, வந்தும் இடம் கிடைக்கவில்லையா என்று பிரித்துப் பாருங்கள். முதலாவதென்றால் விண்ணப்பம் வலுப்பட வேண்டும். ஓராண்டு மருத்துவமனைப் பொதுப் பயிற்சியான ஜி.பி.ஆர்., அல்லது அறுவை சிகிச்சைத் துறையென்றால் நிரந்தரமல்லாத ஓராண்டு இன்டர்ன் பணி, அதற்கு உதவும். இரண்டாவதென்றால் உங்களை நேர்காணல் செய்த இயக்குநர்களில் ஓரிருவருக்கு மரியாதையாக எழுதி, எங்கே குறை என்று கேளுங்கள். சிலர் பதில் எழுதுவார்கள். பழைய கட்டுரையை மட்டும் அப்படியே திரும்ப அனுப்பாதீர்கள். சென்ற ஆண்டு கோப்பு குழுவிடம் இருக்கும், எடுத்துப் பக்கத்தில் வைத்துப் படிப்பார்கள்.