வெள்ளை உலோகக் காரில் பெயின்ட் உரிகிறதா? குற்றம் பெயின்டில் இல்லை

கேள்வி: ஐயா, லண்டனில் இருக்கும் சித்தப்பா 1/43 அளவில் லோட்டஸ் 72 பந்தயக் காரின் வெள்ளை உலோகக் கிட் (பாகங்களை நாமே பொருத்திச் செய்யும் மொடல்) ஒன்று அனுப்பினார். பாகங்களை அரத்தால் தேய்த்துவிட்டு, வேலை முடிந்து வந்து மாலையில் இஸ்தோப்பில் வைத்துக் கறுப்பு ஸ்ப்ரே அடித்தேன். விடிந்து பார்த்தால் பால் பூத்த மாதிரி வெளுத்துக் கிடந்தது. நகம் பட்ட இடம் தோலாக உரிந்தது. தெரிந்தவர் ஒருவர், பவுடர் கோட்டிங் போட்டு ஓவனில் சுட்டால் ஆயுசுக்கும் உரியாது, கொழும்புக்குக் கொண்டுபோய் நானே செய்து தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?
வாசகர், தலவாக்கலை

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

வெள்ளை உலோகம் என்பது பெரும்பாலும் வெள்ளீயம். கூடவே அன்டிமனி, சிலதில் பிஸ்மத், பழைய கிட்களில் ஈயமும் இருக்கும். சுத்த வெள்ளீயமே 232 பாகை செல்சியஸில் உருகும். ஈயம் சேர்ந்தால் 183இலேயே இளக ஆரம்பிக்கலாம். பவுடர் கோட்டிங் என்பது பெயின்ட் பொடியை ஒட்டவைத்து ஓவனில் உருக்குவது. அந்த ஓவனின் சூடோ 180 முதல் 200 வரை. கேட்டுக்கும் யன்னல் கிரில்லுக்கும் அது நல்ல வேலைதான். ஒரு பையன் அப்படிச் சுட்டெடுத்த காரை என்னிடம் கொண்டுவந்து காட்டினான். முன் சிறகு நாக்கு மாதிரித் தொங்கியது, நுனியில் ஒரு சொட்டு இறுகி மணியாக நின்றது. வேலை செய்தவரைக் கேட்டால் "உலோகம் என்றுதானே சொன்னீர்கள்" என்றாராம். இடையில் நின்று கமிஷன் வாங்கியவர் போனையே எடுக்கவில்லை.

சரி, உங்கள் காருக்கு வந்திருப்பது இரண்டு கோளாறு. உரிவது வேறு, வெளுப்பது வேறு.

உரிவதற்குக் காரணம் அழுக்கு. இந்தப் பாகங்களைச் சுழலும் ரப்பர் அச்சில் வார்க்கிறார்கள். ஒட்டாமல் கழன்று வர அச்சில் பவுடர் தூவுவார்கள். அது பாகத்தில் தங்கிவிடும், அதன்மேல் நம் கையெண்ணெய். வழவழப்பான உலோகத்தில் சாதாரண ஸ்ப்ரே சும்மா படுத்துக்கிடக்குமே தவிரப் பிடிக்காது. ஆகவே எல்லாவற்றையும் கழற்றி, பழைய பெயின்டை லக்கர் தின்னரில் ஊறவைத்து எடுங்கள். ஜாம் போத்தல் நல்லது. யோகட் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும்.

இங்கே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, பொறுமையாகக் கேளுங்கள். வெள்ளை உலோகக் கிட் என்று விற்பதில் பலவற்றில் காரின் மேலுடல் ரெசினாக (ஒருவகைப் பிளாஸ்டிக்) இருக்கும், சஸ்பென்ஷனும் இருக்கையும் மட்டுமே உலோகம். ரெசினைத் தின்னரில் போட்டால் மெத்தென்று ஆகிவிடும், அப்புறம் அதை மீட்க முடியாது. உள்ளங்கையில் வைத்துப் பாருங்கள். உலோகம் ஆற்றுக்கல் மாதிரிக் கனக்கும், சில்லென்றிருக்கும். சந்தேகமானால் அடிப்பக்கம் கத்தி முனையால் கீறுங்கள். வெள்ளியாக மின்னினால் உலோகம், மாவாக உதிர்ந்தால் ரெசின். பாதி உலோகம், பாதி ரெசின் என்றால் உலோகத் துண்டுகளைத் தனியே எடுத்து அவற்றை மட்டும் ஊறவையுங்கள். ரெசினை ஈர எமரித் தாளால் தேய்த்தெடுப்பதுதான் வழி. டயர், கண்ணாடித் துண்டு எதையும் தின்னர் பக்கமே கொண்டுபோக வேண்டாம். சூப்பர் குளூவில் ஒட்டியது கழன்று வரும், அதற்காகப் பதற வேண்டாம்.

பிறகு பாத்திரம் கழுவும் திரவமும் பழைய டூத் பிரஷும் போட்டு இளஞ்சூட்டு நீரில் கழுவி, வெறும் கையால் தொடாமல் காயவிடுங்கள். வாகனப் பெயின்ட் கடையில் எட்ச் பிரைமர் என்ற அடிப்பூச்சைக் கேளுங்கள். அதிலுள்ள அமிலம் உலோகத்தை லேசாக அரித்துப் பிடித்துக்கொள்ளும். மெல்லிய ஒரு பூச்சு போதும். அதன்மேல் சாம்பல் நிற பிரைமர், பிறகு கறுப்பு. எட்ச் பிரைமரை அடுப்பு எரிகிற காம்பிராவுக்குள் அடிக்கக் கூடாது, பிள்ளைகள் பக்கத்திலும் வேண்டாம். அரத்தூளில் ஈயம் இருக்கலாம், ரொட்டி மா பிசைகிற மேசையில் வேலை ஆகாது.

வெளுப்பது நம் மலையின் வேலை. பெயின்டில் உள்ள கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றிலிருக்கும் ஈரம் அதன்மேல் படிகிறது. மாலை ஐந்தரைக்குத் தலவாக்கலையில் மூடுபனி இறங்கும் நேரத்தில், கல் மாதிரிக் குளிர்ந்திருக்கும் உலோகத்தில் அடித்தால் வேறென்ன ஆகும்? கிரேட் வெஸ்டர்ன் மலை முகடு தெளிவாகத் தெரிகிற நாளில் பத்து மணிக்கு மேல் அடியுங்கள். அதற்கு முன் காரை ஒரு பெரிய பிஸ்கட் டின்னில் 40 வோட்ஸ் குண்டு பல்பின் கீழே அரை மணி நேரம் வையுங்கள். எல்ஈடி பல்பு போதிய சூடு தராது. ஸ்ப்ரே கேனைக் கை பொறுக்கும் வெந்நீரில் நிறுத்திவிட்டு எடுங்கள். அடிக்கும்போது பல்பை அணைத்துத் தள்ளி வைத்துவிட வேண்டும்.

மெல்லியதாக, மூன்று நான்கு தடவையாக அடியுங்கள். உண்மைக் காரில் பெயின்டின் கனம் மொத்தமே 0.1 மி.மீ. அளவுதான். அதையே 1/43 மொடலில் அடித்தால், பெரிய காரில் 4 மி.மீ.க்கு மேல் பூசியதற்குச் சமம். ரிவெட்டும் கோடும் புதைந்துபோகும்.

"ஒரிஜினல் மொடல் பெயின்ட்" என்று சின்னப் போத்தலில் மூன்று மடங்கு விலை சொல்பவர்களிடம் ஏமாறாதீர்கள். பல நேரம் அது கராஜ் பெயின்டைப் பிரித்து ஊற்றியதுதான். சித்தப்பாவிடம் ஸ்ப்ரே கேன் அனுப்பச் சொல்லவும் வேண்டாம். ஏரோசோல் விமானத் தபாலில் போகாது. அது நியாயமான விதி, ஆனால் அதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, பார்சல் நின்ற பிறகுதான் சொல்வார்கள். வாகன இறக்குமதி நிறுத்தியிருந்த காலத்தில் எனக்கு ஒரு கிட் வந்தது. பெட்டியில் "கார் கிட்" என்றிருந்ததைப் பார்த்து, இது வாகன உதிரிப்பாகமா என்று கவுன்டரில் கேட்டார்கள். இருநூறு கிராம் கூட இல்லாத கார்! அதற்காக மூன்று தடவை பஸ் ஏறினேன். மூன்றாம் நாள் வேறொருவர் பெட்டியைத் திறந்துகூடப் பார்க்காமல் கொடுத்துவிட்டார்.

அப்புறம், கறுப்பு வாங்குமுன் பெட்டியைப் பாருங்கள். லோட்டஸ் 72 கறுப்பும் தங்கமுமாக ஓடியது 1972இலிருந்துதான், அந்த ஆண்டு அதை ஓட்டிய பிட்டிபால்டி ஃபோர்முலா 1 சாம்பியன். 1970இல் ரிண்ட் ஓட்டிய 72சி சிவப்பும் வெள்ளையும் தங்கக் கோடும். எப்படியும் சுரண்டப் போகிறீர்கள், எது என்று இப்போதே முடிவு செய்துகொள்ளுங்கள்.