ஓர் எழுத்தாளரைப் படிக்கும் முன் அவருடைய வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

கதைகளை முதலில் படியுங்கள், வாழ்க்கையை அப்புறம் படியுங்கள். இதுதான் என் பதில்.

வாழ்க்கை வரலாறே வேண்டாம் என்று சொல்லவில்லை. எழுத்தாளர்களின் கடிதங்களையும் வரலாறுகளையும் தேடித் தேடிப் படிக்கிற ஆள் நான். ஆனால் மறைந்த எழுத்தாளரின் வாழ்க்கை என்று நம் காதுக்கு முதலில் வந்து சேர்வது பெரும்பாலும் அவருடைய சாவுதான். வறுமையில் போனார், இளம் வயதில் போனார், கவனிக்க ஆளில்லாமல் போனார் என்று கேட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால், சிரிக்க வேண்டிய இடத்தில்கூட உச்சுக்கொட்டிக்கொண்டு படிப்போம். அது அவருக்குச் செய்கிற மரியாதை ஆகாது.

பாரதியை எடுத்துக்கொள்ளுங்கள். யானை மிதித்துத்தான் அவர் இறந்தார் என்று நினைப்பவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1921-இல் திருவல்லிக்கேணி பார்த்தசாரதி கோவில் யானை அவரைத் தள்ளியது உண்மை. நண்பர் குவளைக் கண்ணன் உள்ளே பாய்ந்து அவரை மீட்டதும் உண்மை. ஆனால் பாரதி அதிலிருந்து எழுந்துவிட்டார். மறுபடியும் சுதேசமித்திரன் பத்திரிகை வேலைக்குப் போனார். ஈரோட்டை ஒட்டிய கருங்கல்பாளையத்துக்குப் பயணம் போய், ‘மனிதனுக்கு மரணமில்லை’ என்ற பொருளில் பேசிவிட்டு வந்தார். செப்டம்பரில் அவரைக் கொண்டுபோனது வயிற்றுக்கடுப்பு. அப்போது வயது 38.

யானைக் கதை தெரிந்த அளவுக்கு அவருடைய வேலை நமக்குத் தெரியாது என்பதுதான் எனக்கு வருத்தம். அவர் பத்திரிகைக்காரர். 1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்தபோது ஆங்கிலத்தில் வரும் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் தமிழாக்குவது அவருக்கு அன்றாடப் பணி. உலக விவகாரத்தை உள்ளூர் வாசகனுக்கு அன்றைக்கே புரிகிற மாதிரி சொல்லியாக வேண்டும். பின்னாளில் பாஞ்சாலி சபதத்தின் முன்னுரையில் எளிய பதங்கள், எளிய நடை வேண்டும் என்று அவர் எழுதியதைப் படிக்கும்போது, அந்த அலுவலக மேசை எனக்கு நினைவுக்கு வராமல் இருக்காது. கவிதையைப் புரிந்துகொள்ள யானை உதவாது, அந்த மேசை உதவும்.

புதுமைப்பித்தன் விஷயம் இதைவிடச் சிக்கல். 1906-இல் பிறந்து 1948-இல், 42 வயதில், காசநோயால் திருவனந்தபுரத்தில் இறந்தார். ‘ராஜமுக்தி’ படத்துக்கு வசனம் எழுதப் புனே போனவர், நோயோடுதான் திரும்பினார். இந்தக் கடைசி மாதங்கள் நெஞ்சை உலுக்கக் கூடியவைதான். ஆனால் இவற்றை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு ‘செல்லம்மாள்’ கதையைப் படிப்பவர்கள், அதை அவருடைய சொந்த மரண வாக்குமூலம் போலப் பேசுகிறார்கள். கதையை அவர் எழுதியது 1943-இல். புனேப் பயணத்துக்கு நாலைந்து வருஷம் முந்தியது அது.

அந்தக் கதையையே பாருங்கள். பிரமநாயகம் பிள்ளை பட்டணத்தில் ஒரு ஜவுளிக்கடைச் சிப்பந்தி. ஊரும் உறவும் எங்கோ தூரத்தில். மனைவி செல்லம்மாள் தீராத நோயாளி. அவள் இறந்துபோவதில்தான் கதை தொடங்குகிறது. ‘காப்பாற்றுவாரா, மாட்டாரா’ என்ற பதைப்பை ஆசிரியர் முதலிலேயே பிடுங்கிப் போட்டுவிடுகிறார். மிஞ்சுவது ஒரு மனிதன் என்ன செய்கிறான் என்பது மட்டுமே. அவர் வெந்நீர் வைக்கிறார். உடம்பைக் குளிப்பாட்டுகிறார். தீபாவளிக்காகக் கடையிலிருந்து கொண்டுவந்த புடவைகளில் அவள் பிடித்திருக்கிறது என்று சொன்ன பச்சைப் புடவையை உடுத்திவிடுகிறார். கதறல் இல்லை, தத்துவம் இல்லை. நடுவே பின்னோக்கிப் போய், அவள் ஊருக்குப் போகணும், அம்மாவைப் பார்க்கணும் என்று பிதற்றிய நாட்களும், அவர் கடைக்கும் வீட்டுக்குமாக அலைந்த நாட்களும் வருகின்றன. துக்கத்தை வேலைகளாக மாற்றி எழுதியிருக்கிறார். தமிழில் இதற்கு இணையான கதைகள் மிகக் குறைவு என்பது என் அபிப்பிராயம். ‘பாவம், கஷ்டப்பட்டவர், அதனால் எழுதினார்’ என்று சொல்லிவிட்டால் இந்தக் கட்டுமானம் முழுவதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். கஷ்டப்பட்டவர்கள் லட்சம் பேர். இதை எழுதியவர் ஒருவர்.

அதே 1943-இல்தான் ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ எழுதினார். கடவுள் சென்னைக்கு வந்து, வைத்தியப் பத்திரிகை நடத்துகிற ஒரு கந்தசாமிப் பிள்ளையிடம் மாட்டிக்கொள்கிறார். பிள்ளை அவரிடம் ஆயுள் சந்தா கேட்கிறார். யாருடைய ஆயுள் என்பதுதான் கடவுளின் சந்தேகம்! அந்த ஆண்டில் அந்தக் கையிலிருந்து இரண்டும் வந்திருக்கின்றன. சோகப் படத்துக்குள் இந்த மனிதர் அடங்குவாரா, சொல்லுங்கள்.

அவர் மனைவிக்கு எழுதிய கடிதங்கள் ‘கண்மணி கமலாவுக்கு’ என்று புத்தகமாக வந்திருக்கின்றன. கதைகளைப் படித்த பிறகு அவற்றைப் படித்தால் பிரமிப்பாக இருக்கும். பணம் அனுப்புவது பற்றிய கவலை, உடம்பு பற்றிய விசாரிப்பு, பிரிந்திருப்பதன் ஏக்கம் என்று கதைகளில் தென்படாத ஒரு மென்மை அதில் இருக்கிறது. கமலா விருத்தாசலமும் எழுத்தாளர்தான். ‘காசுமாலை’ அவருடைய சிறுகதைத் தொகுப்பு. வறுமையில் வாடிய மனைவி என்ற ஒரே வேடத்தில் அவரை நிறுத்திவைத்திருப்பதும் நியாயமில்லை.

வெளிநாட்டு எழுத்தாளர்களிடமும் இதே கதைதான். செகாவ் என்றால் கடைசியாகக் குடித்த ஷாம்பெயினையும், சிப்பிகள் ஏற்றும் ரயில் பெட்டியில் உடல் வந்ததையும் எல்லோரும் சொல்வார்கள். 1890-இல், ரயில் பாதை இல்லாத சைபீரியாவைக் குதிரை வண்டியிலும் படகிலும் கடந்து, கைதிகளை அடைத்துவைத்திருந்த சகாலின் தீவுக்கு அவர் போனதைச் சொல்பவர்கள் குறைவு. அப்போதே இருமலில் ரத்தம் வந்துகொண்டிருந்தது. அங்கே மூன்று மாதம் தங்கி, குடியிருப்பு குடியிருப்பாக நடந்து, அச்சடித்த அட்டைகளில் கைதிகளையும் குடியேறியவர்களையும் பற்றிய விவரங்களைத் தன் கையால் நிரப்பினார். பெயர், வயது, பிறந்த இடம், எழுத்தறிவு, திருமணம், நோய் என்று சுமார் 10,000 பேருடைய விவரம். திரும்பி வந்து இரண்டு ஆண்டில் ‘ஆறாவது வார்டு’ கதை வெளிவந்தது. பூட்டிய அறையில் கிடக்கும் மனிதர்களை அவர் ஏன் அவ்வளவு நிதானமாக, கோபத்தைக் காட்டிக்கொள்ளாமல் பார்க்கிறார் என்பது அந்த அட்டைகளைப் பற்றித் தெரிந்தபின்தான் எனக்குப் பிடிபட்டது. வாழ்க்கையைத் தெரிந்துகொள்வது இப்படி உதவினால் தாராளமாகத் தெரிந்துகொள்ளலாம்.

காஃப்காவிடம் தேதியைக் கட்டாயம் பாருங்கள். தொண்டையைக் காசநோய் தாக்கி, விழுங்க முடியாமல், 1924 ஜூனில் இறந்தார். சாகக் கிடந்தபோது அவர் அச்சுப்பிழை திருத்திக்கொண்டிருந்த புத்தகம், பட்டினி கிடப்பதையே கலையாகக் கொண்ட ஒருவனின் கதையைத் தலைப்பாகக் கொண்டது. உடனே நோயின் அனுபவத்தைக் கதையாக்கினார் என்று முடிச்சுப் போடத் தோன்றும். ஆனால் அந்தக் கதை 1922-இலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. கதை முந்தியது, பட்டினி பிந்தியது. இது தெரிந்தால் கதையும் பெரிதாகிறது, அந்தத் தாள்களைத் திருத்திய நாட்களின் கனமும் கூடுகிறது.

இன்னொன்று. காஃப்கா பல ஆண்டுகள் பிராகில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் வேலை பார்த்தார். மரம் இழைக்கும் இயந்திரங்களில் விரல்கள் துண்டாகாமல் தடுப்பது எப்படி என்று படத்தோடு அறிக்கை எழுதியவர் அவர். அவருடைய ‘விசாரணை’ நாவலின் அலுவலக வராந்தாக்களையும் கோப்புகளையும் கனவு என்று மட்டும் படிப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஆகவே, புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் புதுமைப்பித்தனில் ‘செல்லம்மாள்’, ‘கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்’ இரண்டையும் அடுத்தடுத்துப் படியுங்கள். கதை எந்த ஆண்டில் வந்தது என்று குறிப்பிடும் பதிப்பாக வாங்குங்கள், அது முக்கியம். பிறகு கடிதங்கள். தொ.மு.சி. ரகுநாதனின் ‘புதுமைப்பித்தன் வரலாறு’ கடைசியில். புதுமைப்பித்தன் இறந்து மூன்றே ஆண்டுகளில், அவரோடு பழகிய ஒருவர் எழுதியது அது. அந்தப் புத்தகத்தின் வேகம் அப்படி, முதலில் எடுத்தால் கதைகளை ரகுநாதனின் கண்ணால்தான் பார்ப்பீர்கள்.